வியாசர்பாடியில் ஒரு விளையாட்டறை ஒழுங்கான விதம்: நிகழ்வு ஆய்வு

வியாசர்பாடியில் கேப்டன் காட்டன் கால்வாயிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றின் தரைத்தளத்தில், பழைய சைக்கிள்களும் உடைந்த நாற்காலிகளும் அடைந்து கிடந்த ஓர் அறை, 2022 கோடை விடுமுறையில் குழந்தைகளின் விளையாட்டறையாக மாறியது. அறையின் அளவு 12 அடிக்கு 14 அடி. ஒரு கதவு, ஒரு சன்னல், கதவுக்கு மேலே ஒரு பரண். தினமும் மாலை 4 மணிக்குத் திறந்து 7 மணிக்குப் பூட்டுவோம். இரண்டு வயதிலிருந்து ஒன்பது வயது வரை ஏறத்தாழ இருபது பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களுடைய பெற்றோரில் துறைமுகத்தில் சுமை ஏற்றி இறக்குபவர்கள் இருக்கிறார்கள்; விடியற்காலையில் காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவர்கள் இருக்கிறார்கள்; வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் இரவு ஒன்பது வரை நின்றுகொண்டே வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள். பால்வாடியில் 26 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற நானும், முதல் மாடியில் குடியிருக்கும் ஓர் ஆயாவும், கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணும் அறையைப் பார்த்துக்கொள்கிறோம். பிள்ளைகளுக்கு நான் ‘டீச்சராயா’.

அந்த அறையில் பொருள்களை ஒழுங்காக வைப்பதில் நாங்கள் இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை ஓரளவு வெற்றி பெற்ற கதையை இங்கே எழுதுகிறேன். இதே வேலையில் இருக்கும் மற்றவர்களுக்கு எங்கள் தோல்விகளும் பயன்படும் என்பதால் அவற்றை விரிவாகவே சொல்கிறேன்.

முதல் இரண்டு முயற்சிகள்

முதலில் எங்களிடம் இருந்தது ஒரு நீல டிரம். தண்ணீர் லாரிக்காக ஒரு வீட்டில் வைத்திருந்து, பிறகு குழாய் இணைப்பு வந்ததும் வேண்டாம் என்று கொடுத்தது. மாலை ஏழு மணிக்குத் தரையில் கிடப்பதையெல்லாம் அள்ளி அதற்குள் போட்டால் ஐந்து நிமிடத்தில் அறை துடைத்து வைத்தது போல் ஆகிவிடும். பார்க்க வரும் பெரியவர்கள் பாராட்டிவிட்டுப் போவார்கள். ஆனால் மறுநாள் நான்கு மணிக்குக் கதவைத் திறந்த இரண்டாவது நிமிடத்தில் டிரம் கவிழ்ந்திருக்கும். பிள்ளைகள் அடம்பிடித்துக் கவிழ்க்கவில்லை. அடியில் கிடக்கும் ஆட்டோவை எடுப்பதற்கு அதைத் தவிர வேறு வழியே அவர்களுக்கு இல்லை. கவிழ்ந்த குவியலின் மேல் ஏறி நடப்பார்கள், மிதிபட்டவை உடையும், உடைந்தவை மறுபடியும் டிரம்முக்குள்ளேயே போகும். மூன்று மாதத்தில் சக்கரம் இல்லாத வண்டிகளும் கை இல்லாத பொம்மைகளும்தான் மிஞ்சின.

2023 தொடக்கத்தில் பாரிமுனை மொத்தக் கடைகளில் மூடி போட்ட ஏழு பிளாஸ்டிக் பெட்டிகளை வாங்கினோம். பிளாஸ்டிக் சாமான், மரச் சாமான், துணிப் பொம்மை, வண்டிகள், பந்துகள், புத்தகங்கள், இதரவை என்று நானே பிரித்தேன். பெரிய எழுத்தில் காகிதத்தில் எழுதி ஒட்டினேன். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினேன். இந்த வேலையில் எனக்கு அனுபவம் இருக்கிறது என்ற நம்பிக்கையோடு செய்தது இது. ஆகவே இதன் தோல்விதான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. வருகிற பிள்ளைகளில் பாதிப்பேருக்கு எழுதியதைப் படிக்கத் தெரியாது. அடிப்பெட்டியில் இருப்பதை எடுக்க மேலே உள்ள மூன்று பெட்டிகளை இறக்க வேண்டும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் எங்களைக் கூப்பிட்டார்கள். கடல் காற்றும் புழுக்கமும் சேர்ந்து ஒட்டிய காகிதங்கள் ஆடி மாதத்துக்குள் சுருண்டு விழுந்துவிட்டன. மாலை முடிந்ததும் தரையில் கிடப்பதை ஏழு பெட்டிகளுக்குப் பிரித்துப் போட இரண்டு பெரியவர்களுக்குக் கிட்டத்தட்ட நாற்பது நிமிடம் ஆயிற்று. பிள்ளைகள் அதில் கலந்துகொள்ளவே இல்லை. ‘எடுத்து வைங்கடா’ என்று நான் சத்தம் போட்ட நாள்கள் உண்டு. அவர்களைச் சோம்பேறிகள் என்று நினைத்தும் இருக்கிறேன். அந்த நினைப்புத் தவறு என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

வெள்ளமும் மொட்டை மாடியும்

மிக்ஜாம் புயலை ஒட்டி 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் பெய்த மழையில் கால்வாய்த் தண்ணீர் குடியிருப்புக்குள் வந்தது. விளையாட்டறையில் ஓர் அடிக்குச் சற்று மேல் வரை ஏறி, வடிய ஐந்து நாளானது. சுவரில் அது விட்டுச்சென்ற கறுப்புக் கோடு வெள்ளையடித்த பிறகும் மங்கலாகத் தெரிகிறது. அடுக்கிய பெட்டிகளில் கீழே இருந்தவற்றுக்குள் சாக்கடைத் தண்ணீர் நிரம்பியிருந்தது. மேலே இருந்தவை மிதந்து கவிழ்ந்திருந்தன. யாரோ கொடுத்த மரத்தூள் பலகை அலமாரி தண்ணீரில் ஊறி இட்லி போல் உப்பி, தொட்ட இடத்தில் உதிர்ந்தது.

துணிப் பொம்மைகளையும் பஞ்சு அடைத்தவற்றையும் எல்லாம் கழித்தோம். அழுக்குத் தண்ணீர் பஞ்சுக்குள் இறங்கிவிட்டால் வெளியே துவைத்துப் பயனில்லை. எலியின் சிறுநீர் கலந்த வெள்ளத் தண்ணீரால் எலிக்காய்ச்சல் வரும் என்ற அச்சமும் எங்களுக்கு இருந்தது. புத்தகங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பிளாஸ்டிக், மரம், உலோகச் சாமான்களை மட்டும் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் முக்கி எடுத்து, மொட்டை மாடியில் பழைய புடவைகளை விரித்து வெயிலில் பரப்பினோம். போகிக்கு முந்தைய வாரம் அது. பழையன கழிக்கும் நாளில் பிளாஸ்டிக்கை எரிக்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லி, உடைந்தவற்றைத் தனியாகக் குப்பை வண்டிக்குக் கொடுத்தோம்.

இந்த ஆய்வில் நான் முக்கியமாகக் கருதுவது அந்த மொட்டை மாடியில் கண்டதுதான். காய வைத்த சாமான்களைச் சுற்றிப் பிள்ளைகள் கூடினார்கள். நாங்கள் எதுவும் சொல்லவில்லை. ஐந்து வயதுப் பெண் ஒருத்தி சொப்புச் சாமான்களில் சட்டி, கரண்டி, தட்டு மூன்றையும் எடுத்துப் புடவையின் ஒரு மூலையில் வைத்தாள். வேறொரு குவியலிலிருந்து பிளாஸ்டிக் பாப்பாவைத் தேடி எடுத்து வந்து பக்கத்தில் படுக்க வைத்தாள். பிறகு கொடியிலிருந்து ஒரு கைக்குட்டையை உருவி பாப்பாவின்மேல் போர்த்தினாள். ‘பாப்பா சாப்ட்டுட்டு தூங்கும் டீச்சராயா’ என்றாள். இரண்டு பையன்கள் ஆட்டோவையும் தட்டு வண்டியையும் நிறுத்தி, அவற்றில் பாட்டில் மூடிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பாட்டில் மூடிகள் மீன்கள். ஆட்டோ காசிமேட்டிலிருந்து வருகிறது.

நான் பொருள்களை அவை எதனால் செய்யப்பட்டவை என்று பார்த்துப் பிரித்திருந்தேன். பிள்ளைகள் எந்த விளையாட்டுக்கு எவை சேரும் என்று பார்த்துப் பிரித்தார்கள். பாப்பாவுக்குச் சோறு ஊட்டித் தூங்க வைக்கும் ஒரு விளையாட்டுக்கு என்னுடைய முறையில் மூன்று பெட்டிகளைத் திறக்க வேண்டும். மூன்றையும் கொட்டினால்தான் வேண்டியது கிடைக்கும். முடிந்ததும் அந்த விளையாட்டை உடைத்து மூன்று இடத்துக்குப் பிரித்து அனுப்ப வேண்டும். எந்தப் பிள்ளைக்கும் அது ஒப்பாத வேலை. எங்கள் அறை தினமும் குலைந்ததற்குக் காரணம் அவர்களுடைய பழக்கம் என்று இதுவரை நினைத்திருந்தோம். நாங்கள் செய்த பிரிவினைதான் காரணம் என்று அன்று விளங்கியது.

இதோடு சேர்த்து ஒரு பழைய செய்தியும் நினைவுக்கு வந்தது. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி தம்முடைய முதல் குழந்தைகள் இல்லத்தை 1907 ஜனவரியில் ரோமில் சான் லொரென்சோ என்னும் உழைப்பாளர் குடியிருப்பில் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குப் போன பிறகு பிள்ளைகள் கட்டடத்தைப் பாழாக்குகிறார்கள் என்று கட்டட உரிமையாளர்கள் கவலைப்பட்டதே அதற்குக் காரணம். அங்கே பிள்ளைகளின் கற்றல் கருவிகள் பூட்டிய அலமாரியில் இருந்தன. ஆசிரியைதான் எடுத்துக் கொடுப்பார். ஒரு நாள் அலமாரியைப் பூட்ட மறந்திருந்தார்கள். பிள்ளைகளே திறந்து தங்களுக்கு வேண்டியதை எடுத்து வேலையைத் தொடங்கியிருப்பதை மாண்டிசோரி பார்த்தார். பூட்டிய அலமாரிக்குப் பதிலாக எட்டும் உயரத்தில் திறந்த தட்டுகள் வந்தன. 1939இல் அவர் நம் சென்னைக்கே வந்து அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். பயிற்சிக் காலத்தில் நானும் இதைப் படித்தவள்தான்; ஆனாலும் மூடி போட்ட பெட்டிகளைத்தான் வாங்கினேன் என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

கடப்பா கல் தட்டு

மறுபடி தொடங்கும்போது எங்கள் முன் இரண்டு அளவுகள் இருந்தன. ஒன்று, சுவரில் தண்ணீர் விட்ட கோடு. மற்றொன்று, பிள்ளையின் உயரம். மூன்று வயதுக் குழந்தை சராசரியாக 95 செ.மீ. உயரம் இருக்கும். தட்டில் என்ன இருக்கிறது என்று அண்ணாந்து பார்க்காமல் தெரிய வேண்டுமென்றால் தட்டு அந்தக் குழந்தையின் கண்ணுக்குக் கீழே இருக்க வேண்டும். எனவே கீழ்த்தட்டைத் தரையிலிருந்து ஒன்றரை அடியிலும் மேல்தட்டை 80 செ.மீ. உயரத்திலும் அமைத்தோம். கோட்டுக்குக் கீழேயும் வைக்க முடியாது, கண்ணுக்கு மேலேயும் வைக்க முடியாது என்பதால் இரண்டு தட்டுகளுக்கு மேல் இடமே இல்லை.

பலகைக்குப் பதில் கடப்பா கல். வட சென்னையில் சமையலறைக்கும் கடைக்கும் இதைத்தான் பதிக்கிறோம். ஊறாது, கரையான் ஏறாது, துடைத்தால் போதும். இரும்புக் கோணம் உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் என்று மேஸ்திரி சொன்னதால் செங்கல் தூண்களின் மேல் கல்லைப் பதித்தோம். கல்லின் விளிம்பையும் மூலைகளையும் இழைத்து உருட்டச் சொன்னோம். இதை விட்டுவிடக் கூடாது, ஓடும் பிள்ளையின் நெற்றி சரியாக அந்த உயரத்தில் இருக்கிறது.

தட்டு பதித்த சுவர்ப்பகுதியின் நீளம் 11 அடி. ஓர் அடி அகல ட்ரேக்களை மூன்று விரல் இடைவெளி விட்டு வைத்தால் ஒரு தட்டுக்கு ஒன்பது. இரண்டு தட்டுக்கும் சேர்த்துப் பதினெட்டு. அந்த அறையில் ஒரு நேரத்தில் பதினெட்டு விளையாட்டுகள்தான் இருக்க முடியும் என்பதை இப்படித் தண்ணீரே முடிவு செய்தது. ட்ரேக்கள் மூன்று அங்குல ஆழம்தான். எட்டிப் பார்த்தால் அடி தெரியும், கிளறத் தேவையில்லை. ஒரு ட்ரேயில் ஒரு விளையாட்டு முழுமையாக இருக்கும். சொப்பும் பாப்பாவும் போர்வையும் ஒன்றில். ஆட்டோவும் தட்டு வண்டியும் மீன்களும் ஒன்றில். தராசும் படிக்கற்களும் காய்கறிகளும் ஒன்றில்.

கறுப்புக் கல்லின்மேல் ஒவ்வொரு ட்ரேக்கும் அதன் வடிவத்தில் மஞ்சள் எனாமல் பெயிண்டால் கோடு வரைந்து, நடுவில் அந்த விளையாட்டின் படத்தைத் தீட்டினோம். கல்லூரிப் பெண் வரைந்தவை அந்தப் படங்கள். ட்ரேயை எடுத்தால் படம் தெரியும். திரும்ப வைத்தால் மறையும். இரண்டரை வயதுப் பையன் ஒருவன் தராசு ட்ரேயை மார்போடு அணைத்துக்கொண்டு தட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் படங்களைப் பார்த்தபடி நடந்து, தராசுப் படம் வந்ததும் நின்று, ட்ரேயின் விளிம்பைக் கோட்டோடு பொருத்தி, கோணலாக இருந்ததை இரண்டாவது முறை நகர்த்தி வைத்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வைத்து முடித்ததும் அவன் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. யாருடைய பாராட்டும் அவனுக்குத் தேவைப்படவில்லை.

மீதிச் சாமான்கள் பரணில் இருக்கின்றன. முதலில் துணிப்பைகளில் கட்டி வைத்தோம், எலி கடித்தது. இப்போது 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட்டுகளைக் கழுவி மூடி போட்டு வைத்திருக்கிறோம். பூச்சிக்கு அந்துருண்டை போடுவதில்லை. பிள்ளைகள் மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்வார்கள், அது சிலருக்கு இரத்தச் சிவப்பணுக்களையே சிதைக்கும். காய்ந்த வேப்பிலை போதும். மாதத்தின் முதல் ஞாயிறு ஆறு ட்ரேக்களைப் பரணுக்கு ஏற்றி வேறு ஆறை இறக்குகிறோம். அமெரிக்காவின் டொலேடோ பல்கலைக்கழகத்தில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், ஒன்றரை முதல் இரண்டரை வயதுள்ள 36 குழந்தைகளைப் பதினாறு பொம்மைகளோடு ஒரு முறையும் நான்கு பொம்மைகளோடு ஒரு முறையும் விட்டுப் பார்த்தார்கள். நான்கு இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம், பல விதமாக விளையாடினார்கள். எங்கள் பிள்ளைகளில் பலர் அந்த வயதைத் தாண்டியவர்கள், கூட்டமாக விளையாடுபவர்கள். ஆயினும் டிரம் காலத்தில் ஒரு பொம்மையை எடுத்து உடனே போட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவிய அதே பிள்ளைகள் இப்போது ஒரே ட்ரேயோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பதைக் காண்கிறோம்.

கேரம்

கேரம் பலகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வட சென்னையில் அதைப் பரணில் ஏற்றுவது நடக்காத காரியம். அர்ஜுனா விருது பெற்ற கேரம் வீரர் மரிய இருதயம் சென்னைக்காரர். புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்று திரும்பிய பிறகு, எங்கள் அறையில் பெண் பிள்ளைகளும் பலகையை விட்டு எழுவதில்லை.

சிக்கல் என்னவென்றால், அக்காவோடு இடுப்பில் வரும் கைக்குழந்தைகள். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் தொண்டையில் சிக்கக்கூடிய பொருளா என்று சோதிக்க 31.7 மி.மீ. விட்டமுள்ள ஓர் உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கினால் ஆபத்து. கேரம் காயின் விட்டம் 3.02 முதல் 3.18 செ.மீ. வரை; பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். பலகையில் தூவும் மாவு போரிக் அமிலம். அதுவும் வாய்க்குள் போகக் கூடாதது, தரையில் சிந்தினால் வழுக்கும். ஆகவே காய்கள், மாவு, பல்லாங்குழிச் சோழி, கோர்க்கும் மணிகள் ஆகியவை மட்டும் தட்டில் இல்லை. நாடா வைத்த பைகளில் ஐந்தடி உயர ஆணியில் தொங்குகின்றன. கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் காய்களை ஒன்பது ஒன்பதாக அடுக்கி, சிவப்பை மேலே வைத்துக் காட்டிய பிறகே பை கட்டப்படும். ஒரு காய் குறைந்தால் யாரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள். இந்த விதியைப் போட்டவர்கள் பெரிய பிள்ளைகள்தான்.

ஒதுக்கும் நேரமும் வரும் சாமானும்

ஆறே முக்காலுக்குச் சன்னல் கம்பியில் கரண்டியால் மூன்று தட்டு தட்டுவோம். ‘எல்லாத்தையும் எடுத்து வை’ என்ற சொல்லை விட்டுவிட்டோம். அது நான்கு வயதுப் பிள்ளைக்கு எங்கே தொடங்குவது என்று சொல்வதில்லை. ‘ஆட்டோவுக்கு வூடு எங்க?’ என்று கேட்டால் போதும். இப்போது பத்து நிமிடத்துக்குள் தட்டு நிரம்பிவிடுகிறது. அதில் பெரும்பகுதி பிள்ளைகள் செய்வது.

வெளியிலிருந்து வரும் அன்பளிப்புகள் ஒழுங்கைக் குலைக்கும் என்பதையும் எழுதியாக வேண்டும். வெள்ளத்துக்குப் பிறகு ஓர் அமைப்பினர் இரண்டு கோணி நிறையப் பொம்மைகளைக் கொண்டுவந்து, பிள்ளைகளை நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். கோணியைப் பிரித்தால் பாதிக்கு மேல் உடைசல், மருந்து கசிந்த பேட்டரிகள். ஏழைப் பிள்ளைகளுக்கு இது போதும் என்ற எண்ணம் அதில் இருந்தது. அது என்னைப் புண்படுத்தியது. அன்றிலிருந்து ஒரு ட்ரே உள்ளே வந்தால் ஒரு ட்ரே வெளியே போக வேண்டும் என்றும், புதிதாக வாங்கித் தருபவர்களிடம் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குமாறும் சொல்கிறோம். 2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் விற்கும் பொம்மைகளுக்கு அந்த முத்திரை கட்டாயம். சின்ன வட்டப் பேட்டரி போட்ட எதையும் ஏற்பதில்லை.

தீராதவை

கிரேயானும் காகிதமும் இன்னும் ஒழுங்குக்கு வரவில்லை. வரைந்த படத்தை எந்த ட்ரேயில் வைப்பது? அது யாருடையது, எத்தனை நாள் வைப்பது? கொடி கட்டிக் கிளிப்பில் தொங்க விட்டோம். ஒரு வாரத்தில் கொடி தாழ்ந்து தலையில் இடிக்கிறது.

அக்காவோடு வரும் ஒன்றரை வயதுக் குழந்தைகள் ட்ரேயைக் கவிழ்ப்பதும் நிற்கவில்லை. கொட்டுவதும் நிரப்புவதும்தான் அந்த வயதின் விளையாட்டு என்பதால் நிறுத்தவும் முயலவில்லை. அவர்களுக்கென்று ஓர் அன்னக்கூடையில் மர மூடிகளையும் துணிப் பந்துகளையும் போட்டுக் கதவோரம் வைத்திருக்கிறோம். நாளுக்கு இருபது முறை கொட்டப்படும் கூடை அது.

கீழ்த்தட்டின் உயரம் பற்றியும் பேச்சு முடியவில்லை. இன்னும் பெரிய மழை வந்தால் ஒன்றரை அடி போதாது, இரண்டடியாக உயர்த்திவிடலாம் என்று முதல் மாடி ஆயாவின் மகன் சொல்கிறார். உயர்த்தினால் இரண்டு தட்டுக்கும் இடையே கை நுழையும் இடம் குறையும், சின்னப் பிள்ளைகள் ட்ரேயை இழுத்துத் தலையில் கொட்டிக்கொள்வார்கள் என்று நான் ஒப்பவில்லை. 2024 அக்டோபர் நடுவில் கனமழை எச்சரிக்கை வந்த மாலையில், பெரிய பிள்ளைகள் ஒன்பது பேர் கீழ்த்தட்டு ட்ரேக்களை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு வரிசையாகப் படியேறி, முதல் மாடி ஆயா வீட்டுக் கட்டிலின்மேல் வைத்தார்கள். தண்ணீர் அந்த முறை வாசற்படியோடு நின்றுவிட்டது. வடிந்த மறுநாள் நான் சாவியோடு போய்ச் சேர்வதற்குள் ஒன்பது பேரும் ட்ரேக்களோடு கதவருகே நின்றுகொண்டிருந்தார்கள்.